பானை பொங்கட்டும்; பந்தி வேண்டாம்

மார்கழி பிறந்ததும் எங்கள் படுக்கைப் பிரிவுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "பொங்கலுக்குள் வீட்டுக்குப் போய்விடலாமா?" நோயாளி கேட்பார், அவர் கேட்கத் தயங்கினால் உடனிருப்பவர் கேட்பார். அது நியாயமான ஆசை. தம் வீட்டு வாசலில் பானை பொங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே சிலரை எழுந்து நடக்க வைக்கிறது. ஆயினும் பண்டிகை முடிந்து மறுபரிசோதனைக்கு வரும் குடும்பங்கள் பலவற்றில் மகிழ்ச்சியைக் காட்டிலும் களைப்பே மிகுந்து தெரிகிறது. அதிலும் நோயாளியைவிட அவரைப் பேணுபவரே கூடுதலாக வாடியிருக்கிறார். காரணம் கேட்டால், "வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

போடி வட்டாரத்தில் இது ஏன் நேர்கிறது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஏலக்காய்ப் பறிப்பு ஆடி, ஆவணியில் வேகமெடுத்துத் தை வரை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. தீபாவளி அந்தப் பறிப்பின் நடுவில் வந்து போய்விடும். ஆகவே மலையில் தங்கி வேலை செய்வோரில் பலர் ஆற அமர ஊருக்கு வருவது பொங்கலுக்குத்தான். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் கடந்து அவர்கள் இறங்குகிறார்கள். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன ரயில், அகலப்பாதைப் பணி முடிந்து 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிக்கு வருகிறது. சென்னையில் இருக்கும் பிள்ளைகளும் நேரே வந்து இறங்குகிறார்கள். தை 1, 2, 3 என அடுத்தடுத்து மூன்று நாள் அரசு விடுமுறை. ஓராண்டு முழுவதும் பரவி நடக்க வேண்டிய உறவுப் போக்குவரத்து இந்த மூன்று நாளில் குவிகிறது. நோயாளி உள்ள வீட்டுக்கோ வருகை இன்னும் கூடுதல். "உடம்பு சரியில்லை என்றார்களே, ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம்" என்று, மற்ற ஆண்டுகளில் வராதவரும் வருகிறார்.

நோயாளி உள்ள வீடு பண்டிகையை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் விருந்தை விட்டுவிடலாம், விட்டுவிடவும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பானை வைப்பது வேறு, பந்தி போடுவது வேறு. முன்னது அந்த வீட்டாருக்கு உரியது. பின்னது அந்த ஆண்டுக்கு மட்டும் வருகிறவர்களுடைய பொறுப்பாக மாறலாம். இதை வெட்கமின்றிச் சொல்லும் துணிவு வீட்டாருக்கும், மனம் கோணாமல் ஏற்கும் பக்குவம் உறவினருக்கும் வேண்டும்.

சொல்லத் தயங்குவது ஏன்?

நம் வழக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பண்டிகையிலிருந்து விலக்கு அளிக்கப்படுவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். அது இறப்பு. "இந்த ஆண்டு எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்று துக்க வீட்டார் சொன்னால் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. சம்பந்தி வீட்டாரும் பங்காளிகளும் சமைத்துக் கொண்டுவருவார்கள். அங்கே யாரும் காப்பி கேட்பதில்லை. உபசாரம் குறைந்தது என்று ஊரில் பேசுவதுமில்லை. துன்பத்தில் இருக்கும் வீட்டின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் முறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் நோய்க்கு அந்த விலக்கு இல்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பத்தாவை இரவெல்லாம் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகள், விடிந்தால் இருபது பேருக்கு இலை போட வேண்டும். பகலில் ஏலக்காய்த் தரம் பிரிக்கும் வேலைக்கும் போய்வரும் பெண்ணாக இருந்தால் அவருக்கு ஓய்வு என்பது எங்குமே இல்லை. இருந்தும் அவர் "முடியாது" என்று சொல்வதில்லை. பண்டிகையைக் குறைத்தால் அது துக்க வீடுபோல ஆகிவிடுமோ, கெட்ட சகுனமாகிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். "அவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டை இருட்டாக்கிவிட்டார்கள்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே பல குடும்பங்கள் தங்கள் வலிமைக்கு மேல் செய்கின்றன.

இந்த அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. அதனால்தான் பண்டிகையை நிறுத்துங்கள் என்று சொல்லாமல், சிறிதாக்குங்கள் என்கிறோம். வாசலில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்ட அதிக நேரம் ஆகாது. சிறிய கோலம், ஒரு பானை, ஒரு விளக்கு ஆகியவை போதும். வீடு விளங்கும், மங்கலம் குறையாது. நோயாளி கட்டிலில் இருந்தபடியே பார்க்கும் இடத்தில் அடுப்பை வைத்தால் அதுவே அவருக்கு முழுப் பொங்கல்.

விருந்தோம்பல் எதில் இருக்கிறது?

தை 2 திருவள்ளுவர் நாள். திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் விருந்தினரை வாடச் செய்வதாகச் சொல்வது குறைந்துபோன உணவை அன்று, மாறிப்போன முகத்தை. அதை இந்த விவாதத்தில் நாம் மறக்கலாகாது. மூன்று நாள் உறங்காதவரின் முகம், அவர் எவ்வளவு அன்புடையவராயினும், மாறத்தான் செய்யும். பதினைந்து வகைச் சமையலோடு களைத்த முகத்தைக் காட்டுவதைவிட, ஒரு குவளைக் காப்பியோடு மலர்ந்த முகத்தைக் காட்டுவதே நம் மரபு சொல்லும் விருந்தோம்பலுக்கு நெருக்கமானது. ஆகவே, பந்தியைக் கைவிடுகிறவர் மரபை மீறுகிறார் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

இது நாகரிகம் பற்றிய பேச்சு மட்டுமன்று. நோயாளியின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. பண்டிகை நாளில் வீட்டின் கவனமெல்லாம் வருகிறவர்கள்மீது போகும்போது, நோயாளியின் நேர ஒழுங்கு முதலில் சிதைகிறது. அதில் மிகவும் ஆபத்தானது சாப்பாட்டு நேரம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டவர், நல்ல நேரம் பார்த்துப் பானை வைத்து, படையல் முடிந்து, விருந்தினர் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவது என்று காத்திருந்தால், அவருக்குச் சர்க்கரை அளவு இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். கூட்டம் நிறைந்த வீட்டில் இவற்றை "அசதி" என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவார்கள். அது உயிருக்கே ஊறாகலாம். நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்; பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி வழக்கமான நேரத்தில் முதலில் சாப்பிடட்டும். படையலுக்கு முன் சாப்பிட்டதற்காக எந்தத் தெய்வமும் நோயாளியைக் கோபிப்பதில்லை.

மற்ற நோய்களுக்கும் இவ்வாறே சில எல்லைகள் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருக்கு வாழைப்பழம், இளநீர், கிழங்கு வகைகளில் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம். இதயம் தளர்ந்தவருக்கு அப்பளம், ஊறுகாய், முறுக்கு ஆகியவற்றின் உப்பு மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். வெள்ளையடிக்கும்போதும் ஒட்டடை அடிக்கும்போதும் பறக்கும் தூசு, போகியன்று எரியும் பழைய டயர், பிளாஸ்டிக் ஆகியவற்றின் புகை, ஆஸ்துமா உள்ளவரை நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிடும். இந்த ஆண்டு சுவர் அப்படியே இருக்கட்டும். அடுத்த ஆண்டு அடித்துக்கொள்ளலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும்; சளியோ காய்ச்சலோ உள்ள விருந்தினர் அன்பின் பெயரால் வந்தாலும் தொற்றையும் கொண்டுவருகிறார். "ஒரு நாள்தானே" என்று வற்புறுத்தி ஊட்டும் ஒரு வாய்ச் சர்க்கரைப் பொங்கலும் இந்தக் கணக்கில் சேரும். வீட்டார் தடுத்தால் மனத்தாங்கல். தடுக்காவிட்டால் நோயாளிக்குக் கேடு. வருகிறவரே தவிர்த்துவிட்டால் இரண்டும் இல்லை.

வருகிறவர்கள் செய்யக்கூடியது

பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குச் சீர் வருவது நம் வழக்கம். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள், பாத்திரம் என்று வரும். வருகிறவர் கொண்டுவருவது என்ற வழக்கம் நமக்குப் புதிதன்று. அதை நோயாளி உள்ள வீட்டுக்குச் சற்றே திருத்திக்கொள்ளலாம் என்கிறோம். அரிசிக்குப் பதில் சமைத்த சோற்றைக் கொண்டுவாருங்கள். கரும்புக் கட்டுக்குப் பதில், நோயாளிக்கு ஆகிற உப்புக் குறைந்த குழம்பு ஒன்றைத் தூக்குவாளியில் கொண்டுவாருங்கள். பாத்திரத்துக்குப் பதில் ஓர் இரவு கண்விழிக்க ஆள் வாருங்கள். "மதினி, இன்றைக்கு நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்" என்று சொல்லும் ஒருவர் தரும் சீருக்கு ஈடாக எந்தப் பித்தளைப் பானையும் ஆகாது.

வருகை சுருக்கமாக இருக்கட்டும். அரை மணி நேரம் போதும். சிறு குழந்தைகளை ஒரு முறை காட்டிவிட்டு வெளியே விளையாட விடுங்கள். காப்பி குடித்த குவளையை நீங்களே கழுவி வையுங்கள். நோயாளியின் முன்னால் "போன பொங்கலுக்கு எப்படி இருந்தீர்கள்!" என்று இரங்க வேண்டாம், அவருக்கு அது தெரியும். அதே நோயில் மாண்டவர்களின் கதைகளையும், வேறு ஊர் வைத்தியரின் புகழையும் பண்டிகை நாளில் எடுக்க வேண்டாம். மழை, விலை, ஏலக்காய், பேரப்பிள்ளைகளின் படிப்பு என்று பேச எவ்வளவோ இருக்கிறது. நோயாளி என்பதை மறந்து மனிதராக உணரும் அரை மணி நேரமே நீங்கள் அவருக்குத் தரும் பொங்கல் பரிசு.

மலைமேல் தோட்டக் குடியிருப்பிலேயே நோயாளியோடு தங்கிவிட்ட குடும்பங்களையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்கள் இறங்கி வரவில்லை என்று குறை சொல்வது எளிது. அண்மையில் அறுவை செய்துகொண்டவரை அத்தனை வளைவுகளில் ஜீப்பில் குலுக்கிக் கொண்டுவருவது அறிவுடைமை ஆகாது. இறங்கத்தான் வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். இல்லையென்றால் ஊரிலிருந்து ஒருவர் மேலே போய் வரலாம். தை மாதக் குளிரில் மேலே இருப்பவர்களுக்கு ஒரு கம்பளியும், பதினைந்து நாளுக்கான மருந்தும், கொஞ்சம் ஊர்ப் பேச்சும் கொண்டுபோகிறவரே அந்த ஆண்டின் நல்ல விருந்தினர்.

வாழ்த்தும் ஒரு வேலையாகிவிட்டது

ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தபாலில் வந்தன. சிவகாசியில் அச்சான கரும்பும் காளையும் நடிகர் படமும் கொண்ட அட்டைகளைக் கடையில் தேடித் தேடி வாங்கி, பின்புறம் இரண்டு வரி எழுதி அனுப்புவோம். வந்த அட்டையைப் பத்திரப்படுத்துவோம். அதற்கு அன்றே பதில் எழுத வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. இன்று வாட்ஸ்அப்பில் வாழ்த்து விடியற்காலையிலேயே நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. அலைபேசியில் அழைப்பவர் வாழ்த்திவிட்டு நோய் விவரம் முழுவதையும் கேட்கிறார். அடுத்தவரும் அதையே கேட்கிறார். "ஸ்கேனில் என்ன வந்தது?" என்ற கேள்விக்குப் பொங்கல் நாளில் பன்னிரண்டு முறை விடை சொல்வது, பேணுபவருக்கு அந்த நோயைப் பன்னிரண்டு முறை புதிதாகக் கேட்பதற்கு ஒப்பானது.

இதற்கு எளிய வழி உண்டு. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னதாக, குடும்பத்தில் ஒருவர், கட்டிலருகே இல்லாத ஒருவராக இருந்தால் நல்லது, எல்லார் சார்பிலும் ஒரே செய்தியை அனுப்பிவிடலாம். இப்படி எழுதலாம்:

"அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். அப்பா தேறி வருகிறார். இந்த ஆண்டு வீட்டளவில் எளிமையாகப் பொங்கல் வைக்கிறோம். பார்க்க விரும்பும் உறவினர்கள் மாட்டுப் பொங்கலன்று காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே வாருங்கள். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யவில்லை, காப்பி உண்டு. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் குணமான பின் வாருங்கள். உடல்நிலை குறித்துத் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா சற்று ஓய்வெடுக்கட்டும்."

இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நேரம் சொல்லியிருக்கிறது, உணவு இல்லை என்பதும் சொல்லியிருக்கிறது. எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நோய்க்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் பெயரில் இச்செய்தி போனால் இன்னும் நல்லது. மருமகள்மீது பழி விழாது. வரும் வாழ்த்துகளுக்குத் தனித்தனியே பதில் வேண்டாம். நோயாளி விரும்பினால் அவர் குரலிலேயே இரண்டு வாக்கியம் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பலாம். அந்தக் குரலைக் கேட்பதைவிடப் பெரிய பதில் எவருக்கும் தேவைப்படாது.

எதிர்வாதம் ஒன்று

"நோயில் கிடப்பவருக்கு ஆட்கள் வருவதுதானே தெம்பு? அதையும் நிறுத்தினால் தனித்துப் போய்விட மாட்டாரா?" என்று சிலர் கேட்கிறார்கள். இது வலுவான கேள்வி. வீடு நிறைய ஆட்கள் இருந்தால்தான் உயிரோடு இருப்பதாக உணரும் பெரியவர்களை நாங்களும் பார்க்கிறோம். அவர்களிடமிருந்து கூட்டத்தைப் பறிப்பது மருந்தைப் பறிப்பதற்குச் சமம். ஆகவே முதலில் நோயாளியிடம் கேளுங்கள். யார் வரவேண்டும், எத்தனை பேர், எந்த நேரம் என்று அவரே சொல்லட்டும். பல வீடுகளில் நோயாளியைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டு முடிவெடுக்கிறார்கள். பிறகு பேணுபவரிடம் கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், கூட்டம் இருக்கட்டும், வேலை மட்டும் வேறு கைக்கு மாறட்டும். நாங்கள் குறைக்கச் சொல்வது உறவை அன்று. உறவின் பெயரால் ஒருவர் முதுகில் ஏறும் சுமையை.

வீட்டில் பானை வைக்கவே இயலாத நிலையும் சிலருக்கு உண்டு. அவர்களுக்குத் தெரு துணை நிற்கலாம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15. நம் மாவட்டத்துப் பாலார்பட்டி மக்கள் அவர் நினைவாக ஊர் கூடிப் பொங்கல் வைத்து வருகிறார்கள். பொங்கல் என்பது ஒரு வீட்டு அடுப்போடு முடிவதன்று என்பதை அவ்வூர் காட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பானையில் நோயாளி கையால் ஒரு பிடி அரிசி இடச் செய்து, பொங்கியதும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தால், அந்த வீட்டுக்கும் பொங்கல் நிறைந்துவிட்டது.

விடுமுறைக்கு முன் எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மூன்று நாளும் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் இயங்காது; அவசரப் பிரிவு இயங்கும். ஆகவே குறைந்தது பத்து நாளுக்கான மருந்தை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நாள் பண்டிகையில் விழுந்தால் தேதியை முன்பே பேசி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முறையையும் விட்டுவிடாதீர்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும், 108 என்ற எண்ணும் எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் பொங்கலன்று அந்த வீட்டில் மிஞ்ச வேண்டியது என்ன? நேரத்துக்குச் சாப்பிட்ட நோயாளி, ஒரு மணி நேரமேனும் பகலில் உறங்கிய பேணுபவர், இருவருக்கும் நடுவே ஆறாத ஒரு கிண்ணம் பொங்கல். எஞ்சியவை அடுத்த தைக்குக் காத்திருக்கட்டும். எம் வாசகர் குடும்பங்கள் அனைத்துக்கும் பொங்கல் வாழ்த்துகள். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.